நுரைத்த குப்பி

காலை ஆறு மணிக்கு டியூட்டிக்கு வந்ததும் என் முதல் வேலை குலுக்கியின் வாயைத் துணியால் துடைப்பது. அவசர சிகிச்சைப் பிரிவின் நடுவில் ஆள் உயரத்துக்கு நிற்கும் இயந்திரம் அது. தலையில் அடிபட்டு ஒருவர் வந்தால் அவருடைய மணிக்கட்டில் பதித்த அடையாளச் சில்லை அதனிடம் காட்டுவோம். இரண்டு நொடியில் ஒரு மறைகுப்பி வந்து விழும். உள்ளே இருப்பது எந்த மருந்து என்று செவிலி எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

குலுக்கல் சட்டம் வந்து இருபது வருடமாகிறது. இரண்டு மருந்துகளில் எது மேல் என்று மருத்துவ உலகத்துக்கே தெரியாதபோது, தேர்ந்தெடுக்கும் உரிமை எந்த மனிதருக்கும் கிடையாது. பதினெட்டு வயதில் எல்லோரும் இதற்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். போதுமான நோயாளிகள் சேர்ந்ததும், எந்தக் குப்பியில் எது இருந்தது என்று சொல்லும் திறப்பு நாள் வரும். வென்ற மருந்து மறுநாளிலிருந்து எல்லோருக்கும் கிடைக்கும். எங்கள் தூத்துக்குடிப் பக்கம் பாம்புக்கடிச் சாவு இல்லாமல் போனது இப்படித்தான். நான் இந்தச் சட்டத்தைக் குறை சொல்கிறவள் இல்லை. ஆனால் எனக்குக் கண் இருக்கிறது.

தலைக்காயத்துக்கு இரண்டு மருந்துகளை ஒப்பிடும் டிரையல் தொடங்கிய முதல் மாதமே கவனித்துவிட்டேன். குப்பியை வெளிச்சத்தில் பிடித்து லேசாக ஆட்டினால் சிலது நுரைக்கும், சிலது நுரைக்காது. நுரைத்த குப்பி போட்ட முதல் மூன்று பேரும் எழுந்து நடந்து வீட்டுக்குப் போனார்கள். எனக்கு அது போதும். கூட வேலை பார்க்கும் ஷமீமாவிடம் சொன்னேன். ஒரே வாரத்தில் செவிலியர் அறை முழுக்கத் தெரிந்துவிட்டது.

குப்பி உடைந்தால் இயந்திரம் மறுபடி குலுக்கி வேறொன்று தரும். அந்தச் சந்து எங்களுக்குப் போதுமாக இருந்தது. கைக்குழந்தைக்காரி வந்தால், தெரிந்தவர் வந்தால், நுரைக்காத குப்பி யாராவது ஒருத்தியின் கையிலிருந்து நழுவும். பாவம் என்றுதான் செய்தோம். டாக்டர்களுக்கு இல்லாத இரக்கம் எங்களுக்கு இருக்கிறது என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

எட்டு மாதத்துக்கு முன் என் தம்பி கிளாட்வின் துறைமுகத்தில் ஏணியிலிருந்து விழுந்து வந்தான். நான்தான் டியூட்டியில் இருந்தேன். விழுந்த குப்பி நுரைக்கவில்லை. கீழே போட்டேன். அடுத்தது நுரைத்தது. நான்காம் நாள் அவன் இறந்தான். நுரைத்ததே போட்டும் போய்விட்டானே, விதி என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இன்று திறப்பு நாள். நான் கொண்டாட ஒரு கிலோ மக்ரூன் வாங்கி வந்திருந்தேன். பிரிவுத் தலைவர் டாக்டர் பிரம்மநாயகம் விரல் வைத்ததும் திரை விரிந்தது. பழைய உப்பு மருந்து: நூற்றுக்குப் பதினாறு மரணம். புதிய புரத மருந்து: நூற்றுக்கு முப்பத்தொன்பது.

நான் கேட்டேன்: "டாக்டர், இதுல நுரைக்கது எது?"

"புரதம்தான் நுரைக்கும்" என்றவர் சட்டென்று திரும்பினார். "நுரைக்கும்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும், ஜெசிந்தா சிஸ்டர்?"

அவர் மெதுவாகத் திரையின் கடைசி வரிக்கு விரலைக் கொண்டுபோனார். "நாடு பூரா நாப்பத்தஞ்சு குப்பி ஒடைஞ்சிருக்கு. நம்ம ஆஸ்பத்திரில மட்டும் முப்பத்தொண்ணு. எல்லாம் கை தவறித்தானா?"

ஷமீமா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. முப்பத்தொன்றில் பதினொன்று என்னுடையது. ஒவ்வொரு முகமும் ஞாபகம் இருக்கிறது. நல்ல மருந்து தானாக வந்து என் உள்ளங்கையில் விழுந்தபோது, அதை நானே தரையில் போட்டு உடைத்திருக்கிறேன்.

திறந்த அன்றே அந்தந்தக் குடும்பத்துக்கு எந்த மருந்து போட்டது என்று சொல்லியாக வேண்டும். அது செவிலியர் வேலை. மேலதிகாரிகளுக்கு எழுத டாக்டர் உள்ளே போனார். நான் பட்டியலை எடுத்து முதலில் கிளாட்வின் மனைவி பிலோமியைப் போனில் கூப்பிட்டேன். அவனுக்கு விழுந்தது தோற்ற மருந்து என்று சொன்னேன். சட்டப்படி அவ்வளவு சொன்னால் போதும்.

"சரி மைனி, நீங்க கலங்காதீய" என்றாள். "டாக்டரோ நீங்களோ எடுத்துக் குடுத்திருந்தா நான் இன்னைக்கி எடுத்துக் குடுத்தவங்கள ஏசிக்கிட்டே கெடப்பேன். இது குலுக்கல்ல விழுந்தது. யார் மேலயும் கோவம் இல்ல. அத நெனச்சுத்தான் நான் தூங்குதேன்."

அப்படியே போனை வைத்திருக்கலாம். அவள் தூக்கமாவது மிஞ்சியிருக்கும். ஆனால் இனி ஒருவருக்காகவும் நான் முடிவு செய்யக் கூடாது என்று தோன்றியது.

"குலுக்கல்ல மொதல்ல விழுந்தது நல்ல மருந்து, பிலோமி. அத நான் கீழ போட்டு ஒடைச்சுட்டு வேற எடுத்தேன்."

"எதுக்கு மைனி?"

"என் தம்பில்லா" என்றேன்.