நிற்காமல் ஓடிய மிக்ஸி

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தச் சமையலறையில் நான்கு பேர் இருந்தார்கள்.

அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் முத்துக்கனி. வீட்டிலேயே மக்ரூன் என்ற முந்திரி இனிப்பைச் செய்து கடைக்குக் கொடுப்பவர். மடியில் பெரிய பாத்திரம், கையில் மின்சார பீட்டர். முட்டையின் வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் நுரை வர அடித்துக்கொண்டிருந்தார்.

வாசற்படியில் உட்கார்ந்து, மக்ரூன் பிழிவதற்குத் தாளைக் கூம்பாகச் சுருட்டிக்கொண்டிருந்தவள் அவருடைய மகள் அனுசியா. ஆறாம் வகுப்பு.

கேஸ் சிலிண்டர்மேல் ஏறி உட்கார்ந்திருந்தவன் தம்பி இசக்கிராஜா. இரண்டாம் வகுப்பு. அங்கே உட்காரக்கூடாது என்று தினமும் அவனிடம் சொல்வார்கள். அவனும் தினமும் "சரி" என்பான்.

நான்காவது ஆள் உட்காரவில்லை. மிக்ஸிக்கு முன்னால், எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். அவள் விஜிலா. அவளும் ஆறாம் வகுப்புதான். ஆனால் ஊர் வேறு, மணப்பாடு.

விஜிலாவின் அம்மாவுக்குத் தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் குடல்வால் ஆபரேஷன் நடந்திருந்தது. அவரும் முத்துக்கனியும் ஒரே ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர்கள். அதனால் ஒரு வாரத்துக்கு விஜிலாவுக்கு இந்த வீடு. அவள் அப்பா விஜயராஜ் சரக்குக் கப்பலில் சமையல்காரர். கடலுக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது.

பக்கத்துத் தெரு வேல்ராஜ் அன்று மாலை ரயிலேறி, சிங்கப்பூர் போய், அதே கப்பலில் வேலைக்குச் சேரப்போகிறார். இந்தக் கரையில் ஒருவர் கப்பலுக்குக் கிளம்பினால், அந்தக் கப்பலில் இருக்கும் மற்றவர்களுக்கும் வீட்டிலிருந்து ஒரு பொட்டலமும் ஒரு கடிதமும் கூடவே போகும்.

"அப்பாவுக்கு மக்ரூன்னா உயிரு சித்தி," என்று விஜிலாதான் சொன்னாள். வந்த மூன்று நாளில் அவள் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். "முந்திரிப் பருப்ப நானே அரைக்கேன்," என்று முன்வந்ததும் அவள்தான்.

"விட்டு விட்டு அரைக்கணும் மக்கா. ரெண்டு சுத்து விடணும், நிப்பாட்டணும்," என்று முத்துக்கனி சொல்லியிருந்தார்.

பீட்டர் இரைந்தது. மிக்ஸியும் இரைந்தது. பீட்டரை நிறுத்திய பிறகுதான், மிக்ஸி நிற்காமலே ஓடிக்கொண்டிருப்பது முத்துக்கனிக்குத் தெரிந்தது.

"ஏளா விஜிலா! நிப்பாட்டு, நிப்பாட்டு!"

மூடியைத் திறந்தார்கள். உள்ளே முந்திரிப் பொடி இல்லை. வெண்ணெய் போலப் பளபளவென்று ஒரு விழுது இருந்தது.

"எண்ணெ விட்டுட்டே," என்றார் முத்துக்கனி. ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் நுரையை எடுத்து, அதில் ஒரு கரண்டி விழுதைக் கலந்து பார்த்தார். மலை போல நின்ற நுரை, தண்ணீராகச் சரிந்தது. "ம்ஹூம். ஆகாது."

அவர் திட்டவில்லை. ஒரு சின்னப் பெருமூச்சு மட்டும் விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று விஜிலாவுக்குத் தோன்றியது.

"பரவால்ல மக்கா. டப்பால இன்னும் கொஞ்சம் பருப்பு கெடக்கு. பாதிப் பெட்டிக்கு வரும்."

"என்ன எங்க அம்மாகிட்டயே கொண்டுபோய் விட்டுருங்க சித்தி," என்றாள் விஜிலா. "நான் இங்கன இருந்தா எல்லாம் வீணாத்தான் போவுது."

விறுவிறுவென்று குளியலறைக்குள் போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

முத்துக்கனி மிச்சப் பருப்பை அரைத்து, பிழிந்து, தட்டை ஓவனில் வைத்தார். பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோக வேண்டும். தூக்குவாளியோடு வாசலில் நின்று அனுசியாவைக் கூப்பிட்டார்.

"ஓவனத் தொடாத. நூடுல்ஸ் மூணு பாக்கெட் இருக்கு, போட்டுச் சாப்பிடுங்க. அந்தப் பிள்ளையச் சாப்பிட வச்சிருளா. காலையிலயும் ஒரு இட்லிதான் தின்னா."

அனுசியா குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"விஜிலா, சாப்பிட வா."

"பசிக்கல."

"உன் வயிறு கத்துதது இங்கன வரைக்கும் கேக்குது."

சரி, முதலில் சமைப்போம் என்று அனுசியா தண்ணீரைக் கொதிக்க வைத்து நூடுல்ஸைப் போட்டாள். மசாலாவைத் தேடினாள். மூன்று பாக்கெட்டும் ஓரத்தில் பிரிந்திருந்தன. ஒன்றிலும் மசாலா இல்லை.

"ஏலே இசக்கி! நாக்க நீட்டு."

நீட்டினான். மஞ்சள்.

"மூணையுமா தின்ன?"

"இன்னைக்கு ரெண்டுதான். ஒண்ணு நேத்து," என்றான் இசக்கிராஜா, நியாயமாக.

மசாலா இல்லாத நூடுல்ஸை யார் தின்பார்கள்? அனுசியா மேடையைச் சுற்றிப் பார்த்தாள். அந்த முந்திரி வெண்ணெய் அப்படியே இருந்தது. சரியாகச் சொன்னால் அப்படியே இல்லை. அதற்குள் இசக்கிராஜாவின் விரல் இருந்தது.

"இனிப்பே இல்லக்கா. ஆனா நல்லாருக்கு," என்றான் விரலைச் சூப்பியபடி.

ஏன் இதையே போடக்கூடாது? நான்கு கரண்டி வெண்ணெயைக் கிண்ணத்தில் எடுத்து, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டாள். இளகட்டும் என்று இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டாள். அது இளகவில்லை. இன்னும் இறுகி, கரண்டியைப் பிடித்துக்கொண்டது.

அனுசியா மறுபடியும் கதவருகே போனாள்.

"விஜிலா, ஒரு சந்தேகம். நீ அரைச்சத நூடுல்ஸ்ல போடலாம்னு பாத்தேன். தண்ணி விட்டா களிமண்ணாட்டு இறுகுது. என்ன செய்ய?"

அனுசியா கதவில் காதை வைத்துப் பார்த்தாள்.

"சரி, நூடுல்ஸ் வெந்துட்டு. தண்ணிய வடிச்சுக் கீழ ஊத்தப்போறேன்."

படாரென்று தாழ்ப்பாள் விலகியது.

"ஊத்தாத! ஊத்திராதளா!" விஜிலா ஓடி வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. ஆனால் கை நேராகக் கரண்டிக்குப் போனது. "அந்தச் சூட்டுத் தண்ணிதான் வேணும். அதுலதான் மாவு இருக்கு. எங்கப்பா ஒரு சொட்டு கீழ விடமாட்டாங்க."

நூடுல்ஸ் வெந்த தண்ணீரை ஒரு கரண்டி விட்டுக் கலக்கினாள். இறுக்கம் கொஞ்சம் விட்டது. இன்னொரு கரண்டி. மூன்றாவது கரண்டியில் அது பாயசம் போல வழவழவென்று இளகி வந்தது.

"எலுமிச்சம்பழம் இருக்கா?"

"இருக்கு."

"அடுப்ப அணைச்ச பொறவு பிழி. உப்பப் பாரு."

"நீயே பாரு. நீதான சமையல்காரர் மக."

விஜிலா ஒரு வாய் போட்டுப் பார்த்தாள். பிறகு, பசிக்கவில்லை என்று சொன்னது மறந்துபோய், இரண்டாவது வாயும் போட்டாள்.

மூன்று பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். இசக்கிராஜா தட்டை நக்கி முடித்து, அடுத்த தடவைக்கு நீட்டினான்.

"விஜிலா, அம்மா நிப்பாட்டி நிப்பாட்டி அரைக்கச் சொன்னாங்கல்லா? நீ ஏன் நிப்பாட்டவே இல்ல?" என்று அனுசியா மெதுவாகக் கேட்டாள்.

விஜிலா ஒரு நூடுல்ஸை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"நேத்து போன்ல அம்மா குரலு ரொம்பச் சின்னதா இருந்துச்சு. காலையில அது ஞாபகம் வந்துட்டு. மிக்ஸி ஓடுனா அழுதது யாருக்கும் கேக்காதுல்லா."

அனுசியா தன் தட்டிலிருந்து கொஞ்சம் எடுத்து விஜிலாவின் தட்டில் வைத்தாள்.

"இனிமே அழணும்னா என்னைக் கூப்பிடு," என்றாள். "வெறும் ஜார வச்சு நான் ஓட்டுதேன். அதுக்குப் பருப்பு எதுக்கு?"

விஜிலாவுக்குச் சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது.

"நானும் ஓட்டுதேன்!" என்றான் இசக்கிராஜா.

ஒன்றரை மணிக்கு முத்துக்கனி திரும்பி வந்தார். "உங்க அம்மா முழு டம்ளர் கஞ்சியும் குடிச்சிட்டா மக்கா. செவ்வாக்கெழம தையல் பிரிக்காங்க. இன்னைக்குச் சாயங்காலம் உன்னக் கூட்டிட்டு வரச் சொன்னா," என்று சொல்லிக்கொண்டே தனக்கு வைத்திருந்த தட்டை எடுத்தார். ஒரு வாய் தின்றவர் அப்படியே நின்றார். "இது யாரு பண்ணுனது?"

"விஜிலா," என்றாள் அனுசியா.

"அனு," என்றாள் விஜிலா.

மூன்று மணிக்கு மக்ரூன் ஆறியது. வெள்ளை வெளேரென்று, நுனி கூராக, முப்பத்தொரு மக்ரூன். தகரப் பெட்டியில் அடுக்கினால் பாதிதான் நிறைந்தது.

"இப்படிப் போனா உருண்டு உருண்டு சிங்கப்பூருக்குப் பொடியாத்தான் போய்ச் சேரும்," என்றார் முத்துக்கனி.

விஜிலா அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய், மிச்சமிருந்த முந்திரி வெண்ணெயை ஒரு பாட்டிலில் வழித்துப் போட்டு, இறுக்கமாக மூடி, பாலித்தீன் பையில் சுற்றி, பெட்டியின் ஓரத்தில் வைத்தாள். அளவெடுத்தது போலப் பொருந்தியது.

"கப்பல்ல நூடுல்ஸ் இருக்கும் சித்தி," என்றாள். உட்கார்ந்து கடிதம் எழுதினாள்.

"அன்புள்ள அப்பா, மக்ரூன் பாதிப் பெட்டிதான் இருக்கும். மீதிப் பருப்பை நான் நிறுத்தாமல் அரைத்து வெண்ணெய் ஆக்கிவிட்டேன். அதுதான் பாட்டிலில் இருப்பது. நூடுல்ஸ் வெந்த தண்ணீரை விட்டு இளக்கி, உப்பு, மிளகாய்த்தூள் போட்டுக் கலக்கவும். கடைசியில் எலுமிச்சை. தண்ணீரைக் கீழே ஊற்ற வேண்டாம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவுக்குச் செவ்வாய்க்கிழமை தையல் பிரிக்கிறார்கள். காலையில் நான் அழுதேன். மத்தியானம் சிரித்தேன். விஜிலா."

"நானும் ஒண்ணு எழுதணும்," என்று இசக்கிராஜா பென்சிலோடு வந்தான். கீழே பெரிய எழுத்தில் எழுதினான்: "மசாலா தின்னது நான்."

பின்னாலிருந்து எட்டிப் பார்த்த முத்துக்கனி, "அப்படியா சேதி!" என்றார்.

வாசலில் வேல்ராஜின் பைக் ஹாரன் கேட்டது. கடிதத்தைக் கவரில் போட்டார்கள். பசை பாட்டில் காய்ந்து கிடந்தது.

அனுசியா காலையில் நுரை அடித்த பாத்திரத்தைப் பார்த்தாள். மிச்ச நுரை அடங்கி, சர்க்கரையும் வெள்ளைக்கருவுமாகப் பிசுபிசுவென்று அடியில் கிடந்தது. விஜிலா அதை விரலால் தொட்டுக் கவரின் ஓரத்தில் தடவி மடித்தாள். ஓரம் மெல்லத் தூக்கிக்கொண்டது.

"ஏலே இசக்கி, இங்கன வா," என்றாள் அனுசியா. "இதுமேல உக்காரு."

இசக்கிராஜா நம்பாமல் எல்லோர் முகத்தையும் பார்த்தான். அந்த வீட்டில் அவனை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. சம்மணம் போட்டு, முதுகை நிமிர்த்தி, கடிதத்தின்மேல் உட்கார்ந்தான். நூறு வரை எண்ணினான். நடுவில் நாற்பதுகளை விட்டுவிட்டான்.

கவர் ஒட்டிக்கொண்டது. விஜிலா பெட்டியையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

வேல்ராஜ் கவரை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "என்ன மக்கா, கடுதாசி இப்படிச் சுடுது?"

"இப்பத்தான் ஒட்டுனோம் மாமா," என்றாள் விஜிலா.

அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். பைக் கிளம்பியது.