குழாய் அழாது

காலையில் கரும்பலகையில் அந்த வரி இருந்தது.

"மூணாம் வீட்டுக்காரங்க தண்ணி திருடுறாங்க."

கீழே பெயர் இல்லை. மூன்றாம் வீட்டில் அன்னாவும் அவள் அம்மா பிரிஜெட்டும் இருந்தார்கள்.

1997 கோடை அது. ஈஜிபுராவில் அந்தக் காம்பவுண்டில் எல்லா வீட்டுக்கும் ஒரே தொட்டி, ஒரே குழாய். குழாய்க்கு மேலே அந்தப் பலகை. யாரும் எழுதலாம். பெயர் போட வேண்டியதில்லை. போன மாதம் யாரோ "தொட்டியில் புழு" என்று எழுதினார்கள். வீட்டு ஓனர் கோவிந்தப்பா முணுமுணுத்துக்கொண்டே தொட்டியைக் கழுவினார்.

எழுதியவர் கையில் சாக்பீஸ் பொடி இருக்கும். அன்னா ஒவ்வொரு கையாகப் பார்த்தாள்.

எதிர்வீட்டுச் சந்திரம்மாவின் விரல்கள் வெள்ளையாக இருந்தன.

"என்ன கண்ணு, என் கையையே பாக்கறே?"

"வெள்ளையா இருக்கு ஆன்ட்டி."

"ரங்கோலி போட்டேன்."

பக்கத்து வீட்டுத் தினேஷின் விரலும் வெள்ளைதான்.

"பல்பொடி. மோந்து பாக்கறியா?"

வீட்டுக்கு வந்தால் அம்மாவின் கை முழங்கைவரை வெள்ளை. அரிசி மாவு.

அன்னா சலித்துப்போனாள். இந்தக் காம்பவுண்டில் யாரைத்தான் நம்புவது?

தண்ணீர் வந்தது. அன்னா குடத்தை வரிசையில் வைத்தாள். தினேஷின் அம்மா மமதா தன் குடத்தைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டாள். பிரிஜெட் குனிந்த தலை நிமிரவில்லை.

கோவிந்தப்பா திருப்புளியோடு வந்தார்.

"இந்தப் பலகையாலதான் சண்டை. கழட்டிடறேன்."

அவர் முகத்தில் கோபமே இல்லை. சந்தோஷம்தான் இருந்தது. அன்னாவுக்குப் புழு ஞாபகம் வந்தது.

"கழட்டட்டும் விடு," என்றாள் பிரிஜெட் மெதுவாக. "இந்த அவமானம் ஒழிஞ்சா போதும்."

"மறுபடி புழு வந்தா எங்க எழுதறது அம்மா?"

அன்னா பலகைக்கு முன்னால் போய் நின்றாள்.

"பலகை இருக்கட்டும் அங்கிள். தொட்டி, குழாய் பத்தி எழுதினா பேர் வேணாம். மனுஷங்களைப் பத்தி எழுதினா பேர் போடணும்."

"ஏன்? குழாய்க்கு ஒரு நியாயம், மனுஷனுக்கு ஒரு நியாயமா?"

"குழாய் அழாது அங்கிள்."

சந்திரம்மா சிரித்தாள். பிரிஜெட்டின் கண்களைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"சரியாத்தானே சொல்றா. எழுதினவங்க சாயங்காலத்துக்குள்ள பேர் போடட்டும். இல்லேன்னா அழிச்சிடலாம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். கோவிந்தப்பா திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம்வரை சாக்பீஸ் வைத்த இடத்திலேயே கிடந்தது. யாரும் தொடவில்லை. அன்னா ஈரத்துணியால் அந்த வரியைத் துடைத்தாள்.

அடுத்த முறை தண்ணீர் வந்தபோது மமதா தன் குடத்தை விலக்கினாள்.

"நீ முதல்ல பிடி அன்னா."

ஏன் இந்தத் திடீர்க் கரிசனம்? அன்னா அவள் கையைப் பார்த்தாள். ஈரமாக இருந்தது. ஒன்றும் தெரியவில்லை. அன்னா தன் குடத்தை வைத்தாள்.

மறுநாள் பலகையில் புதிதாக ஒரு வரி.

"தொட்டி மூடி உடைஞ்சிருக்கு."

கீழே பெயர் இல்லை.

கோவிந்தப்பா வந்தார். படித்தார். பிறகு ஒவ்வொருவர் கையாகச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே வந்தார்.

அன்னா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.