ஃப்ரிட்ஜுக்குள் ஜட்ஜ் ஐயா

பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்த நாத்தனார் அன்று காலை போட்ட சத்தத்தில், மாடி வீட்டுக்காரர் பாதி சவரம் செய்த முகத்தோடு இறங்கி வந்துவிட்டார். அடுத்த ஊர் வரை கேட்டது என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். சரி, அடுத்த தெரு வரை என்று வைத்துக்கொள்வோம்.

வெண்ணெய்க்கும் ஜாம் பாட்டிலுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் டப்பா. மூடியில் ஊசித் துளைகள். உள்ளே கொஞ்சம் தண்ணீர். அந்தத் தண்ணீரிலிருந்து இரண்டு கண்கள் நாத்தனாரையே பார்த்துக்கொண்டிருந்தன.

அதுதான் ஜட்ஜ் ஐயா. மாமனார் வளர்க்கும் நீர்ப்பல்லி. பெயர்தான் பல்லி, உறவு என்று பார்த்தால் தவளைக்குத்தான் நெருங்கிய சொந்தம். விரல் நீளம், கறுத்த முதுகு, ஆரஞ்சு வயிறு. தொட்டியில் கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் வாய்தா கேட்க வந்தவர்களைப் போல அசையாமல் பார்ப்பதால் அந்தப் பெயர்.

மாமனார் ஓட்டுநர் உரிமத் தேர்வு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பாதி ஊரைப் பெயிலாக்கியவர். 'நான் செய்தது தப்பு' என்று அவர் வாயிலிருந்து வந்ததாகச் சரித்திரமே கிடையாது. அவர் சொன்ன நேரமும் கடிகாரம் காட்டும் நேரமும் ஒத்துப்போகாவிட்டால், திட்டு கடிகாரத்துக்குத்தான் விழும். மாமியார் போன பிறகு மனிதர்களோடு பேச்சே குறைந்துபோய், நல்லது கெட்டது எல்லாவற்றையும் ஜட்ஜிடம்தான் சொல்வார். ஜட்ஜுக்கு ஒன்று ஆகிவிட்டால் பெரியவர் தாங்கமாட்டார் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அடுப்படியிலிருந்து ஓடிவந்த மருமகள் முதலில் நாத்தனாரின் முகத்தைப் பார்க்கவில்லை. ஃப்ரிட்ஜ் கதவைத்தான் பார்த்தாள்.

"கதவ மூடு பாப்பா. குளிர் போயிடும்."

பாப்பா என்றால் கைக்குழந்தை அல்ல. நாற்பதைத் தாண்டியவள், வங்கி அதிகாரி, விடுமுறைக்குப் பிறந்த வீடு வந்திருந்தாள். கதவை மூடினாள். வாயைத் திறந்தாள்.

"அப்பா உசுரையே அதுமேல வெச்சிருக்காரு அண்ணி... உடம்பு சரியில்லாத ஜீவனக் கொண்டுபோய் ஐஸ் பெட்டில அடைச்சிருக்கீங்களே. எந்தப் புண்ணியவான் சொன்னான் இப்படிச் செய்யச் சொல்லி?"

"யாரும் சொல்லல. நானா யோசிச்சதுதான்."

பொய்! பச்சைப் பொய்! அப்படி ஒரு அழகான பொய்யை அந்த வீட்டுச் சுவர்கள் அதுவரை கேட்டதே இல்லை.

நடந்தது இதுதான். குளிர்காலம் வந்ததும் மாமனாருக்குப் பாசம் பொங்கிவிட்டது. பிள்ளை நடுங்குகிறானே என்று தன் மேஜை விளக்கைத் தொட்டியோடு ஒட்டி வைத்து, பொழுதெல்லாம் எரியவிட்டார். நீர்ப்பல்லிக்கோ குளிர்ந்த தண்ணீர்தான் உயிர். ஜட்ஜ் வெந்நீர்க் குளியலில் துவண்டார். வாலில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளைப் பூஞ்சை. மருமகள் ஊரிலுள்ள கால்நடை மருத்துவர்களுக்கெல்லாம் போன் செய்தாள். சிரிக்காமல் கேட்டது ஒரே ஒரு டாக்டரம்மாதான். சூடுதான் வினை, விளக்கை எடுத்துவிடுங்கள், ஃப்ரிட்ஜில் வையுங்கள், தினமும் அதே குளிர்ச்சியில் தண்ணீர் மாற்றுங்கள் என்று சொன்னார்.

டாக்டரின் பெயரைச் சொன்னால் பாப்பா போன் செய்வாள். விளக்கு விஷயம் வெளியே வரும். தன் கையாலேயே ஜட்ஜைக் கொல்லப் பார்த்தோம் என்று மாமனாருக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் முன்பே, தையலுக்கு வேண்டும் என்று அவரிடமிருந்து விளக்கை வாங்கிக்கொண்டாள். ஜட்ஜ் குளிர்ச்சியான இடத்தில் இருக்கிறார் என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

இந்த மருமகள் ஒரு காலத்தில் புழுவைக் கண்டால் நாற்காலி மேல் ஏறி நிற்பவள். ஜட்ஜ் சாப்பிட மறுத்த நாட்களில் அவளே மண்புழுவைக் கத்தரியால் நறுக்கி, இடுக்கியில் பிடித்து, ஒரு வாய், ஒரே ஒரு வாய் என்று கெஞ்சினாள். கையில் வாசனைப் பொருள் ஒட்டியிருந்தால் அதன் தோலுக்கு ஆகாது என்று வாசனைச் சோப்பை விட்டாள், கைக்குத் தடவும் கிரீமை விட்டாள். உள்ளங்கை உப்புத்தாள் மாதிரி ஆகிவிட்டது. எந்தச் சக்கரவர்த்திக்கும் அப்படி ஒரு தாதி வாய்த்ததில்லை!

சத்தம் கேட்டு மாமனார் கைத்தடியோடு சமையலறைக்கு வந்தார். டப்பாவைப் பார்த்தார். "என்னம்மா இது..." என்றார். அவ்வளவுதான். நாத்தனாரின் வசவெல்லாம் வழிந்தோடிவிட்டது. இந்த இரண்டு வார்த்தை உள்ளே இறங்கிவிட்டது. மருமகள் தலை குனிந்துகொண்டாள். கணவன் அச்சகத்தில் பிழை திருத்துபவன். ஊரார் பிழையெல்லாம் கண்ணில் படும். அன்று அவன் கண் செய்தித்தாளை விட்டு அசையவில்லை.

பாப்பா விடுவாளா? நீர்ப்பல்லிக்கு வைத்தியம் பார்ப்பவர் யாரென்று ஊரெல்லாம் விசாரித்து, மதியத்துக்குள் ஒருவரை வரவழைத்துவிட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்த டாக்டரம்மாவிடம் அரசு வக்கீல் தோற்றுப்போகும்படி குற்றங்களை அடுக்கினாள். டாக்டரம்மா பூதக்கண்ணாடியால் வாலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஃப்ரிட்ஜ்ல வைக்கச் சொன்னதே நான்தாங்க. போன்ல பேசினது இவங்கதான், குரல் தெரியுது. பூஞ்சை நல்லா கொறஞ்சிருக்கு. பொழச்சுக்குவான்."

டாக்டரம்மா அதோடு விட்டிருக்கலாம்.

"தொட்டிகிட்ட இருந்த அந்த விளக்கை எடுத்துட்டீங்கல்ல? அந்தச் சூட்டுலதான் இத்தனையும் வந்துச்சு. யாரு வெச்சது அத?"

மாமனாரின் கைத்தடி தரையில் ஒருமுறை நழுவியது. மருமகள் சட்டென்று முன்னால் வந்தாள்.

"நான்தான் டாக்டர். தெரியாம வெச்சுட்டேன்."

இளகத் தொடங்கியிருந்த பாப்பாவின் முகம் மறுபடி இறுகியது. "அதானே பாத்தேன்" என்று அவள் ஆரம்பிக்க, பெரியவர் கையை உயர்த்தினார்.

"அவ இல்ல. நான் வெச்சேன்."

கைத்தடியை ஊன்றி ஓரடி முன்னால் வந்தார்.

"தப்பு என்னோடது டாக்டர். இந்தப் பொண்ணு அதத் தூக்கித் தன் தலையில வெச்சுக்குது." மருமகள் பக்கம் திரும்பினார். "ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க அப்புறம் தொட்டிப் பக்கமே வரமாட்டீங்க மாமா. அவனுக்கு உங்கள விட்டா யாரு இருக்கா..."

கணவன் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றான். எதற்கு எழுந்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

பாப்பா பாய்ந்து வந்து அண்ணியைக் கட்டிக்கொண்டாள். மன்னிச்சிருங்க என்ற வார்த்தை அழுகையில் பாதி கரைந்துபோய், தோளை நனைத்தது. காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மருமகளுக்கும் அப்போது பொங்கிக்கொண்டு வந்தது. ஆனாலும் திருப்பி அணைக்கவில்லை. கைதிபோல இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, முகமெல்லாம் நனைய நனைய அழுதாள்.

"கையில மட்டும் படாத பாப்பா... கழுவிட்டு வந்துட்டேன். அவனுக்கு இன்னும் தண்ணி மாத்தல."