தண்ணி முறையன்று வந்த தவணை

விமலேஸ்வரி வைத்த பால் தேத்தண்ணி ஆடை கட்டியும் தாட்சாயினி தொடவில்லை.

"எனக்கு ஒண்டும் வேண்டாம், அண்ணி! போனமுறை கோட்டுத் தவணை முன்னுக்கு வந்ததை எனக்கு மறைச்சுப்போட்டியள். இண்டைக்கும் நான் கோட்டில இல்லையெண்டால் வழக்குத் தள்ளுபடி. பிறகு சாகுமட்டும் உங்கட காலடியிலதான் கிடக்கவேணும்... அதுதானே உங்கட ஆசை!"

"நான் மறந்திட்டன் எண்டுதானே சொன்னனான், பிள்ளை..." என்று விமலேஸ்வரி கண்ணைத் துடைத்தாள்.

தாட்சாயினி, விமலேஸ்வரியின் புருசன் பாலனின் தங்கை. புருசனை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். ஸ்கந்தபுரத்தில் அவளுடைய சீதனக் காணியில், போரில் இடம்பெயர்ந்த காலத்தில் குடியேறியவர்கள் இன்னும் எழும்பவில்லை. ஏழு வருடமாக வழக்கு நடக்கிறது. அந்தக் காணி போனால் அவளுக்கென்று ஒரு பிடி மண் இல்லை.

பாலன் நிலத்தைப் பார்த்தபடி முற்றத்தில் இறங்கினான்.

ஏசினாலும் துணைக்கு வருவேன் என்று விமலேஸ்வரியும் பஸ் ஏறினாள். கோட்டு விறாந்தையில் சட்டத்தரணி தாட்சாயினியைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"தங்கச்சி, போன முறை உங்களை மூண்டுதரம் கூப்பிட்டும் ஆளில்லை. பக்கத்தில நிக்கிற இந்த அம்மாதான் சேறு காயாத காலோட ஓடி வந்து அழுதவா. அதைச் சொல்லித்தான் ஒரு கடைசித் தவணை வாங்கினனான். அந்தத் தவணை மாறினதை உங்கட அண்ணனுக்கு ஒரு கிழமைக்கு முன்னமே ஃபோனில சொன்னனே, அவர் சொல்லேல்லையோ?"

தாட்சாயினி அண்ணியின் காலைப் பார்த்தாள். சேறு! அன்று அண்ணனின் முரசுமோட்டை வயலுக்கு வாய்க்கால் தண்ணி முறை. ஆள் நிற்காவிட்டால் தண்ணி அடுத்த வயலுக்குப் போய்விடும். போயும்விட்டது. அரைவாசிப் பயிர் கருகியபோது, "ஊர் சுத்தப் போனவா" என்று அண்ணியை ஏசியவளும் தாட்சாயினிதான்.

"அண்ணி... அண்ணைதான் மறந்தவரோ?"

"வவுனியாவுக்கு நெல்லேத்திப் போன வழியிலதான் அவருக்கு ஞாபகம் வந்தது. வரம்பில நிண்ட எனக்கு ஃபோன் அடிச்சார். நீ வேலைக்குப் போன இடத்தில ஃபோன் எடுக்க விடமாட்டினம்... நான் ஓடினன்."

"பழியை ஏன் நீங்கள் ஏத்துக்கொண்டனீங்கள்?"

"மறந்தது அவரெண்டு தெரிஞ்சால் நீ பிள்ளையளோட வீட்டை விட்டு வெளிக்கிட்டிடுவாய். உனக்கு வேற ஆர் இருக்கினம்? என்னோட கோவிச்சால் அந்தளவோட போகும்..."

"ஐயோ, அண்ணி!" தாட்சாயினி அவளைக் கட்டிக்கொண்டு விம்மினாள்.

உள்ளே பெயர் கூப்பிட்டார்கள். அண்ணியின் கையை விடாமலே போய் நின்றாள். வழக்குத் தள்ளுபடியாகவில்லை, சாட்சி கேட்கும் விளக்கத்துக்கு நாள் குறித்தார்கள்.

வீட்டு வாசலில் பாலன் காத்து நின்றான். "பிள்ளை, என்னை மன்னிச்சுக்கொள்..."

"என்னட்டை வேண்டாம், அண்ணை. அண்ணிட்டக் கேளுங்கோ. நாளைக்குத் தண்ணி முறை, வரம்பில நான் நிக்கிறன்."

விமலேஸ்வரி அடுப்பு மூட்டப் போன குசினிப் பக்கம் பாலன் நடந்தான்.