தண்ணீர் ஊற்றாத முளைப்பாரி

மாயக்காளுக்கு ஒரு பொல்லாத பழக்கம் இருந்தது. தோற்றுவிடுவோமோ என்று பயம் வந்தால் போதும், முந்திக்கொண்டு தானே காரியத்தைக் கெடுத்துவிடுவாள். பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்தில் பாதியிலேயே உட்கார்ந்துகொண்டு, ஓடியிருந்தால் நான்தான் முதலில் வந்திருப்பேன் என்பாள். இல்லை என்று யார் சொல்ல முடியும்?

இந்தத் தடவை அவள் கெடுத்தது முளைப்பாரியை.

எழுமலைக்குப் பக்கத்தில் அவளுடைய ஊர். அது எழுபத்தெட்டாம் வருஷத்துப் பங்குனித் திருவிழா. காப்புக் கட்டிய அன்று வீட்டுக்கு வீடு சட்டியில் எருவும் மண்ணும் போட்டுப் பயறு விதைத்து, வெளிச்சம் படாமல் மூடி வைப்பார்கள். ஒன்பதாம் நாள் அதைத் தலையில் சுமந்து அம்மன் கோயிலுக்குப் போக வேண்டும். பாரி தழைத்தால் குடும்பமும் தழைக்கும் என்பது ஊர் நம்பிக்கை.

போன வருஷம் மாயக்காள் வளர்த்த பாரி சோகையாக வந்தது. அடுத்த மாதமே தொட்டிலில் கிடந்த தம்பி காய்ச்சலில் இறந்துபோனான். "அவ கைராசி அப்படி" என்று தெருவில் யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. பத்து வயதுப் பிள்ளை காதுபடப் பேசுகிற பேச்சா அது? சொன்னவர்கள் மறந்துவிட்டார்கள். மாயக்காள் மறக்கவில்லை.

இப்போது அம்மா பாண்டியம்மாள் நெஞ்சுச் சளியோடு மதுரைப் பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். பாரி மறுபடியும் சோகையாக வந்தால் அம்மாவும் போய்விடுவாளோ? தண்ணீரே ஊற்றாமல் விட்டால், வாடியதற்குத் தண்ணீர் இல்லாததுதான் காரணம், தன் கை இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். நாலு நாளாக வெறும் செம்பைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போனாள், கோழி அடைக்கிற பஞ்சாரக் கூடை கவிழ்த்த சட்டிக்கு முன்னால் சும்மா நின்றுவிட்டு வந்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் அப்பா விருமாண்டி மதுரையிலிருந்து வந்தார். சோறுகூடக் கேட்காமல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைப் பொட்டலம் பிரிக்காமல் அம்மாவின் தலையணைக்கு அடியிலேயே கிடக்கிறதாம்.

"எதைத் தின்னாலும் பொழைக்கப் போறதில்ல, எதுக்கு மாத்திரைங்கிறா" என்றார்.

மாயக்காளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"திங்காமலே பொழைக்க மாட்டேன்னு அம்மாவுக்கு எப்படிப்பா தெரியும்? தின்னு பாத்தாத்தான தெரியும்?"

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். கண் தானாக மூலையில் இருந்த பஞ்சாரத்துக்குப் போனது. பிறகு அழுதுகொண்டே எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னாள். அவர் திட்டவில்லை. செத்துப்போன மகனை நினைத்தாரோ என்னவோ, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பஞ்சாரத்தைத் தூக்கினாள். பாதிப் பயறு காய்ந்து கிடந்தது. விதைத்த அன்று தெளித்த ஈரத்தில் ஓரமாக மட்டும் சில முளைகள் வெளுத்துப்போய் நின்றன. செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு வந்து தெளித்தாள். அன்றிலிருந்து ஒருவேளைகூடத் தவறவில்லை.

ஒன்பதாம் நாள் மற்றவர்கள் பாரியெல்லாம் ஒரு சாண் உயரம். அவளுடையது நாலு விரல்தான், அதுவும் நடுவில் ஒன்றுமே இல்லை. சிநேகிதி செல்லத்தாய் எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, எங்க மாமா தலை மாதிரி நடுவுல வழுக்கையா இருக்கு?"

"நாலு நாளு நான் தண்ணி ஊத்தலடி" என்றாள் மாயக்காள்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கோயில்வரைக்கும், அங்கிருந்து கண்மாய்வரைக்கும் சட்டியைச் சுமந்துகொண்டே போனாள். பாதியில் உட்காரவில்லை. பாரியைத் தண்ணீரில் விடுவதற்கு முன் நாலு முளையைக் கிள்ளி அப்பாவிடம் கொடுத்தாள்.

"நான் ஊத்திட்டேன், இம்புட்டுத்தான் வந்துச்சு. நீயும் மாத்திரையத் தின்னு பாருன்னு அம்மாகிட்டச் சொல்லுங்கப்பா."

மதுரைக்குப் போன அப்பா மூன்றாம் நாள் திரும்பி வந்தார். அம்மாவுக்கு இருமல் இன்னும் நிற்கவில்லை என்றார். மடியிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். மாயக்காள் பயந்துகொண்டே பிரித்தாள். உள்ளே ஒரு மாத்திரைகூட இல்லை.

அடுத்த வருஷப் பாரிக்கு நல்ல பயறாக எடுத்து வைக்கச் சொன்னாளாம் அம்மா. மாயக்காள் அந்தக் காகிதத்திலேயே ஒரு கை பயறை அள்ளிப்போட்டு மடித்து வைத்தாள்.