பஞ்சுவுக்குத் தெரிந்த மனிதர்

அன்று சாயங்காலம் டெய்லரின் கையைப் பஞ்சு முகர்ந்து பார்த்தது. நாய் முகர்வதில் என்ன அதிசயம் என்று கேட்டால், ஒன்றுமில்லைதான். ஆனால் பட்டன் வாங்கிக்கொண்டு கடைத்தெருவிலிருந்து திரும்பியவரைக் கேட்டிலேயே நிறுத்தி, உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு என்று கள்ளநோட்டைப் புரட்டும் கடைக்காரரைப் போல அது முகர்ந்துகொண்டே இருந்தது. வால் அசையவில்லை. கடைசியில் மனமில்லாமல் ஒதுங்கி வழிவிட்டது. தன் வீட்டுக்குள் நுழைய ஒரு நாயிடம் உத்தரவு வாங்கியிருக்கிறோம் என்பது, செருப்பைக் கழற்றும்போதுதான் டெய்லருக்கு உறைத்தது.

பஞ்சு அப்படிப்பட்ட பிறவியே அல்ல. மீட்டர் பார்க்க வருபவரைக் கண்டால் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டும். தபால்காரரின் சைக்கிளோடு தெருமுனை வரை ஓடும். சில மாதங்களுக்கு முன் ஒரு மத்தியானம், யாரோ ஒருவன் உள்ளே புகுந்து இஸ்திரிப் பெட்டியையும் ஒரு கட்டு பேன்ட் துணியையும் தூக்கிக்கொண்டு போனான். பஞ்சு அவனை வழியனுப்பி வைத்துவிட்டு வந்தது. எதிர்வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பார்த்தார். நாய் காட்டிய பாசத்தைப் பார்த்து, வந்தவன் நெருங்கிய சொந்தம் என்றே நினைத்துவிட்டாராம்.

"இது நாயா மாமா? ஓட்டல் வாசல்ல சலாம் போடுற ஆளுக்கும் இதுக்கும் சம்பளம்தான் வித்தியாசம்" என்றான் மச்சினன். பஸ் கண்டக்டர். எதைச் சொன்னாலும் விசிலடித்த மாதிரிதான் சொல்வான்.

"குட்டிடா அது. எல்லாரையும் பிடிக்குது, அது ஒரு குத்தமா?" என்றாள் டெய்லரின் மனைவி. மடியில் ஒரு சட்டை, கையில் காஜா ஊசி. பஞ்சு அவள் பாதத்தின் மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, நாளைக்கு உன் கழுத்துல கத்தி வைக்கிறவனையும் அதுக்குப் பிடிக்கும்."

அந்த வார்த்தை டெய்லரை விடவில்லை. தைத்த துணியைக் கொடுக்க அவர் தினமும் வெளியே போகிறவர். பின்கட்டில் அவள் தனியாக இருப்பாள். கத்தியும் கழுத்தும் அதற்குப் பிறகு அவரோடு கூடவே நடந்தன.

நாய் வாத்தியார் வந்தார். ஒல்லியான ஆள், ஒரு காதில் பாதி இல்லை. பஞ்சு அந்தப் பாதிக் காதை நக்கப் பார்த்தது.

"ரகசியம் ஒண்ணும் இல்லைங்க. வெளியாள் வந்து அடிக்கணும். நீங்க வந்து காப்பாத்தணும். அப்புறம் உங்க கையால சாப்பாடு. உங்க வாசனை ஏறின துணி ஒண்ணை அது படுக்குற இடத்துல போடுங்க. உலகத்துல நல்லவன் ஒரே ஒருத்தன்தான் இருக்கான்னு அது நம்பிட்டா வேலை முடிஞ்சுது."

"அப்போ என் கதி?" என்றாள் மனைவி.

"அவருக்கு வேண்டியவங்க அதுக்கும் வேண்டியவங்கம்மா. பயப்படாதீங்க."

"பயம் எனக்கு இல்ல. இப்படியே நல்லாத்தானே இருக்கு அது. இருக்கட்டுமே, என்னங்க."

டெய்லர் அவள் கழுத்தைப் பார்த்தார். "பழக்கிடலாம்" என்றார்.

அடிக்கிற வேலையை மச்சினன் கேட்டு வாங்கிக்கொண்டான். தினமும் பொழுது சாயும்போது, தலையில் சாக்கு மாட்டிக்கொண்டு கொல்லைப்புறமாக வருவான். முதலில் பஞ்சு சாக்கைப் பார்த்துக் குதித்தது. பிரம்பைக் கவ்வி விளையாட இழுத்தது. அடி விழுந்ததும், தவறு தன்னுடையதுதான் என்பது போலப் பிரம்பை நக்கியது. மச்சினன் சிரித்துச் சிரித்து, சாக்குக்குள் மூச்சு முட்டி இருமினான். சமையலறையில் மனைவி குழாயைத் திறந்துவிட்டாள். வாளி நிரம்பி வழிந்த பிறகும் அவள் மூடவில்லை.

காப்பாற்றும் முறை வந்தபோதுதான் டெய்லருக்கு ஒரு சங்கடம். அவர் சட்டை எப்போதும் மடிப்புக் கலையாத வெள்ளை. மற்றவர்களுக்குத் துணி என்றால் உடுப்பு. அவருக்கு அது முகம். சேறும் எச்சிலும் ரோமமுமாக ஒரு நாயை வாரியணைக்க அந்தச் சட்டை எப்படிச் சம்மதிக்கும்? சுற்றிலும் பார்த்தார். வாங்க ஆள் வராத துணிகள் தொங்கும் கம்பியின் கோடியில் ஒரு கறுப்புக் கோட்டு இருந்தது. எடுத்து மாட்டிக்கொண்டு ஓடினார். மறுநாளும் அதுவேதான். நாயின் மூலையில் போட நல்ல சட்டை ஒன்றைக் கிழித்துக் கெடுப்பானேன் என்று, ராத்திரி அந்தக் கோட்டையே போட்டு வைத்தார்.

அந்தக் கோட்டுக்கு உரியவர் ஒரு மழை நாளில் வந்தவர். முகம் நினைவில்லை. குடை இருந்தது, குடைக்குக் கீழே ஒரு இருட்டு இருந்தது, அவ்வளவுதான். கம்பளித் துணியை அவரே கொண்டுவந்திருந்தார். அதில் தூர் வாராத கிணற்றின் வாடை. டெய்லர் டேப்பை எடுத்தபோது அவர் பின்வாங்கினார்.

"அளவெல்லாம் வேணாம். உங்க அளவுக்கே தைச்சிருங்க. எனக்குச் சரியா வரும்."

டெய்லர் தைத்து வைத்தார். வாங்கிப்போக அவர் வரவில்லை.

பழக்கம் நன்றாகவே பிடித்தது. ஒருநாள் பிரம்பைப் பார்த்துப் பஞ்சுவின் வால் ஆடவில்லை. இன்னொரு நாள் அது பிரம்பைப் பார்க்கவே இல்லை. பிரம்பைப் பிடித்திருந்த கையைப் பார்த்தது. அன்று மச்சினனின் உள்ளங்கை நடுவில் பிளந்தது. சாக்கைக் கழற்றி, "நான்தான்டா, நான்தான்டா" என்று அவன் அலறியது நாய்க்கு ஒரு செய்தியே இல்லை. கறுப்புக் கோட்டோடு டெய்லர் ஓடிவந்த பிறகுதான் விட்டது. அதற்குப் பிறகு அவன் இந்தத் தெருப் பக்கம் வருகிற பஸ்ஸில்கூட ஏறுவதில்லை.

டெய்லருக்குப் பெருமை தாங்கவில்லை. வாடிக்கையாளர்கள் எதிர்ப்பக்கத்து நடைபாதையில் நின்று கூப்பிட்டார்கள். பிறகு கூப்பிடுவதையும் நிறுத்தினார்கள். வீடு பத்திரமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் இந்த முகர்தல்.

மறுநாளும் முகர்ந்தது, இன்னும் நீளமாக. அதற்கடுத்த முறை தொண்டைக்குள் ஏதோ உருண்டது, தூரத்தில் யாரோ கனமான மேசையை நகர்த்துவது போல. டெய்லர் கேட்டுக்கு வெளியே நின்று வியர்த்தார். மனைவியைக் கூப்பிட்டு, கோட்டை வாங்கி, தெருவிலேயே மாட்டிக்கொண்டார். உருளல் நின்றது. பஞ்சு அவர் முழங்காலில் தலையைத் தேய்த்தது.

அதன் பிறகு டெய்லர் கோட்டோடுதான் வெளியே போனார், கோட்டோடுதான் வந்தார். வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் கம்பளி. கோட்டின் உள்பக்கம் மட்டும் ஜில்லென்று, இப்போதுதான் யாரோ கழற்றி வைத்த மாதிரி ஈரமாக இருந்தது. அக்குளில் பிடிக்க ஆரம்பித்தது. அவர் கை வெட்டிய துணி, அவர் உடம்பின் அளவு; இருந்தும் நாளுக்கு நாள் அது வேறு யாருக்கோ பொருந்திக்கொண்டே வந்தது.

தெரு விளக்கு எரிய ஆரம்பிக்கிற நேரம், மனைவி காஜா ஊசியில் நூல் கோத்தபடி சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள்.

"இன்னிக்கு மத்தியானம் என்ன வந்துச்சு உங்களுக்கு? கையைப் பிடிச்சுக்கிட்டு அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீங்க."

டெய்லர் அன்று மத்தியானம் நூல்கடையில் இருந்தார். வெயிலுக்குப் பயந்து அன்று ஒருநாள் மட்டும் கோட்டைக் கம்பியில் விட்டுவிட்டுப் போயிருந்தார்; திரும்பியபோது பஞ்சு கொல்லையில் தூங்கிக்கொண்டிருந்தது.

"நானா?"

"பின்ன யாரு? கைதான் ஜில்லுன்னு இருந்துச்சு. பஞ்சு வாலை ஆட்டினதைப் பாக்கணுமே. பழைய பஞ்சு மாதிரியே."

டெய்லர் எழுந்து போய்க் கத்தரியை எடுத்து, கோட்டின் தோள் தையலில் நுனியை வைத்தார். மணிக்கட்டில் ஏதோ சூடாகப் பட்டது. குனிந்து பார்த்தார். பஞ்சுவின் பற்கள். கடிக்கவில்லை. வெறுமனே வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தது.

கத்தரியைக் கீழே வைத்தார்.

கோட்டை ஒழிக்க வேண்டுமானால், முதலில் நாயை இந்த வீட்டிலிருந்து அனுப்பிவிட வேண்டும். மனைவியை இந்த இரண்டோடும் விடக்கூடாது. மறுநாள் சாயங்காலம், கோட்டைத் தொடாமல், வெள்ளைச் சட்டையோடு கிளம்பிப் போய் நாய் வாத்தியாரை இழுத்துக்கொண்டு வந்தார். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கேட்டை நெருங்கும்போதே சத்தம் கேட்டது.

தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

மனைவிக்கு மெஷின் ஓட்டத் தெரியாது.

பஞ்சு முற்றத்தில் நின்றது. வீட்டுப் பக்கம் திரும்பி நின்றது. வால் ஆடிக்கொண்டிருந்தது.

"நல்லாத்தானே பழகியிருக்கு. எதுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றீங்க?" என்றார் வாத்தியார். "வாலைப் பாருங்க. சொந்தக்காரர் உள்ளதான் இருக்காரு."

"நான்தான்யா சொந்தக்காரன்."

சத்தம் கேட்டுப் பஞ்சு திரும்பியது. வால் நின்றது. தொண்டைக்குள் அந்த மேசை மறுபடி நகர்ந்தது. வாத்தியார் நாயைப் பார்த்தார், பிறகு டெய்லரைப் பார்த்தார், இருவரில் நாயை நம்பினார். ஓடவில்லை. வேகமாக நடந்தார்.

மெஷின் நின்றது.

ஜன்னலில் விளக்கு. கறுப்பு முதுகு. அவருடைய நாற்காலி. அவருடைய டேப் அந்தக் கழுத்துப் பட்டியைச் சுற்றித் தொங்கியது. மனைவி பக்கத்தில் வந்து ஒரு தட்டை வைத்தாள். வெளியே எட்டிப் பார்த்தாள்.

"யாரோ கேட்டுல நிக்கிறாங்க, என்னங்க."

"நான்டி! நான்!"

அவள் கண்ணைச் சுருக்கினாள். மச்சினன் சாக்கோடு வந்தபோது பார்த்த அதே பார்வை. உள்ளேயிருந்து பதில் வந்தது. அவருடைய குரல். தொண்டையைச் செருமிக்கொண்டு பேசும் அதே விதம்.

"வெளியாள். பஞ்சு பாத்துக்கும்."

டெய்லர் கம்பிக்குள் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தேடினார். தேடியிருக்கக் கூடாது.

வலி உடனே வரவில்லை. முதலில் சத்தம் வந்தது, சின்னதாக, நூலைப் பல்லால் கடித்து அறுக்கிற மாதிரி. கையை இழுத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டை நனைந்தது. முழங்கை வரை. இடுப்பு வரை. கையைப் பார்த்தார். ஊசி பிடிக்கிற விரல் இல்லை.

பஞ்சு குரைக்கவில்லை. வாயில் கவ்வியதைக் கீழே விடாமல், தலையை நிமிர்த்தி, குட்டியாக இருந்தபோது பந்தை எடுத்துக்கொண்டு ஓடுமே, அதே துள்ளலோடு வீட்டுக்குள் ஓடியது.

ஜன்னலில் தெரிந்தது. நாய் நாற்காலியருகே உட்கார்ந்தது. வால் தரையில் கிடந்த வெட்டுத் துணிகளைக் கூட்டிப் பெருக்கியது. மனைவி குனிந்து அதன் தலையைத் தடவி, "என் செல்லம்" என்றாள். கோட்டின் கறுப்புக் கை மெல்லக் கீழே இறங்கியது. முனையில் ஒன்றும் இல்லை, வெறும் துணி வாய். நாய் கொண்டுவந்ததை அதற்குள் வைத்தது.

துணி அசைந்தது. கையின் முனையிலிருந்து ஒற்றை விரல் வெளியே நீண்டு, மடங்கி, நிமிர்ந்து, பஞ்சுவின் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டது.

அளவு சரியாக இருந்தது. நாய் கண்ணை மூடிக்கொண்டது. பிறகு திறந்து, எழுந்து, மிச்சத்தை எடுத்துவரக் கேட்டுப் பக்கம் நடந்தது.