தொண்ணூற்றேழு

எண் அசையவில்லை.

திரையின் மேல்மூலையில் பச்சையாக நின்ற தொண்ணூற்றேழு, மழை பிடித்ததிலிருந்து தொண்ணூற்றேழாகவே நிற்கிறது என்பதை அவன் முதலில் சந்தோஷமாகத்தான் எடுத்துக்கொண்டான். எட்டு மாதமாக அந்த எண்ணோடு குடித்தனம் நடத்துகிறவன் அவன். எண்பத்தொன்பது, தொண்ணூறு, இருமினால் எண்பத்தாறு, தலையணையை நிமிர்த்தி வைத்தால் தொண்ணூற்றிரண்டு என்று அது ஒரு நிமிடம் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. தங்கையின் நுரையீரல் என்று கெட்டதோ அன்றிலிருந்து, அவளுடைய விரல்நுனியில் மாட்டிய கிளிப் ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜனை அளந்து போனுக்கு அனுப்புகிறது. போனில் வேறு என்ன ஓடினாலும் அதற்கு மேலே அந்தச் சின்னப் பச்சை எண் மிதந்துகொண்டிருக்கும். எண்பத்தைந்துக்குக் கீழே போனால் வீடு அதிர அலாரம் அடிக்கும். அந்த அலாரத்தை நம்பித்தான் அவன் குளிக்கப் போனான், சமைத்தான், எப்போதாவது கண்ணயர்ந்தான்.

தெருமுனையில் அவன் வைத்திருந்த செல்போன் ரிப்பேர் கடையில் எல்லோரும் அவனை டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். கண்ணாடி உடைந்த போன், தண்ணீரில் விழுந்த போன் இவற்றுக்கு நடுவே, கேமில் ஏமாற்று வேலை செய்துதரச் சொல்லியும் ஆட்கள் வருவார்கள். வித்தை எளிதுதான். கேமில் உயிர் எவ்வளவு மிச்சம் என்று ஓர் எண் இருக்கும். இதற்கென்றே போனில் ஏற்றிக்கொள்ளும் ஒரு கருவியிடம், கேமின் மெமரி முழுக்க அந்த எண்ணைத் தேடச் சொன்னால், அதே எண் ஆயிரம் இடத்தில் இருப்பதாக அது காட்டும். ஓர் அடி வாங்கி உயிர் குறைந்ததும், குறைந்த எண்ணை அந்த ஆயிரத்துக்குள் தேட வேண்டும். சலித்துச் சலித்துக் கடைசியில் ஓர் இடம் மிஞ்சும். அங்கே வேண்டிய எண்ணை எழுதிப் பூட்டுப் போட்டால் முடிந்தது கதை. கேம் அதைக் குறைக்கக் குறைக்க, கருவி நொடிக்கு ஒரு தரம் பழையபடி எழுதிக்கொண்டே இருக்கும்.

இதில் ஒரே ஒரு இடத்தில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எந்த ஆப்புக்குள் தேடுகிறோம் என்பது கருவியின் தலையில் சின்ன எழுத்தில் இருக்கும். கேம் நடுவில் மூடித் திறந்தால், கருவி சத்தமில்லாமல் பக்கத்தில் ஓடும் வேறு ஆப்பைப் பிடித்துக்கொள்ளும். மேலே பார்க்காமல் எதையும் தொடாதீர்கள் என்று அவன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது சொல்லுவான்.

மத்தியானம் தங்கைதான் ஆரம்பித்துவைத்தாள். தையல் மிஷின் மேல் துணி போர்த்திவிட்டுப் படுக்கையோடு ஒட்டிக்கொண்ட பிறகு அவளுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு அந்தக் கேம். அதில் ஒரு நரி. ஒரு காது கிழிந்த அந்த நரிக்கு மூக்கன் என்று பெயர் வைத்து, காடு காடாக நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள். அறுபத்தோராவது காட்டில் நாய்கள் அவனைக் கடித்துக் குதறின. நாலு நாளாக அதே இடத்தில் மூக்கன் செத்துச் செத்து விழுந்தான்.

"பெரிய டாக்டர்தானே நீ. மூக்கனைக் காப்பாத்திக் குடு பாப்போம்" என்று போனை நீட்டினாள். பேசியதற்கே மூச்சு வாங்கியது. மூக்கில் செருகியிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"மூக்கன் பொழைச்சா என்னை எழுப்பு. செத்துட்டா எழுப்பாதே."

அவன் சிரித்துக்கொண்டே கட்டிலின் காலடியில் தரையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினான். கருவியை அவள் போனில் ஏற்றித் திறந்ததும் கேம் ஒரு தரம் மூடிக்கொண்டது. திரும்பத் திறந்தான். மூக்கனுக்கு உயிர் தொண்ணூற்றொன்று. தேடினான். நாய் ஒரு கடி கடித்தது. பின்னால் தங்கை இரண்டு தரம் இருமினாள். உயிர் எண்பத்தெட்டு. தேடினான். எப்போதும் நாற்பது ஐம்பது இடமாவது மிஞ்சும். அன்று ஒன்றே ஒன்று மிஞ்சியது. இவ்வளவு லேசாகவா என்று நினைத்தான். நூறு என்று எழுதினால் கேமுக்குச் சந்தேகம் வரும் என்பதால் தொண்ணூற்றேழு எழுதிப் பூட்டினான். ஆனாலும் அடுத்த கடியில் மூக்கன் செத்தான்.

அப்புறம் ஒரு மணி நேரம் அவன் தலையை நிமிர்த்தவில்லை. ஜன்னல் தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்தில் அறையே ஒரு பெட்டிக்குள் வைத்து மூடியது போலிருந்தது. எண்ணின் வகையை மாற்றித் தேடினான், கேம் எண்ணை ஒளித்து வைத்திருக்குமோ என்று வேறு மாதிரி தேடினான், அனுமதிகளை அணைத்துப் போட்டான். தொழிலில் கைதேர்ந்தவனுக்கு வருகிற வீம்பு அது. மருந்து வாடையும் ஈரச் சுவரின் வாடையும் கலந்து அறையில் நின்றன. வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, திரை மட்டும் அவன் முகத்தில் அடித்தது.

அப்போதுதான் பச்சை எண்ணைப் பார்த்தான். தொண்ணூற்றேழு.

பரவாயில்லையே, நல்லாத் தூங்குறா என்று நினைத்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். தொண்ணூற்றேழு. கால் மரத்துப்போய் மாற்றி உட்கார்ந்தான். தொண்ணூற்றேழு. அவன் விரல் தானாகக் கருவியைத் திறந்தது. பத்துத் தரம் ஊருக்குச் சொல்லுகிற புத்திமதி நினைவுக்கு வந்தது. கருவியின் தலையில் இருந்த சின்ன எழுத்தைப் படித்தான்.

கேமின் பெயர் இல்லை. கிளிப் ஆப்பின் பெயர்.

அவள் இருமியபோது அவளுடைய எண்ணும் தொண்ணூற்றொன்றிலிருந்து எண்பத்தெட்டுக்கு இறங்கியிருக்கிறது. மூக்கனோடு சேர்ந்து, அதே நேரத்தில். ஒரு மணி நேரமாக அவன் பூட்டி வைத்திருப்பது அதைத்தான். எண் குறையாது. எண் குறையாவிட்டால் அலாரம் அடிக்காது.

மழைச் சத்தத்துக்கு அடியில் ஒரு சத்தம் இல்லை என்பது பிறகுதான் காதுக்கு எட்டியது. ஆக்ஸிஜன் சிலிண்டரில் மாட்டியிருந்த தண்ணீர்க் குப்பியில், குழாய் வழியாகக் காற்று போகும்போது குமிழிகள் குபுகுபுவென்று வரும். எட்டு மாதமாக இந்த வீட்டில் ஓயாத சத்தம் அது. இப்போது குப்பியில் தண்ணீர் ஆடாமல் நின்றது. சிலிண்டரின் முள் பூஜ்யத்தில் கிடந்தது.

அவன் எப்படி எழுந்தான், மூலையிலிருந்த மாற்றுச் சிலிண்டரை எப்படி உருட்டிக்கொண்டு வந்தான் என்று அவனுக்கே தெரியாது. ஸ்பேனர் இரண்டு தரம் கை நழுவி விழுந்தது. திருகினான். குமிழிகள் வந்தன. கட்டிலைச் சுற்றி ஓடி அவள் முகத்தைப் பார்த்தான்.

கண் மூடியிருந்தது. மார்பு ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது.

கடவுளே என்று கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதான். அழுதுகொண்டே அவள் கையைப் பிடித்தான். கை சில்லிட்டிருந்தது. மழைக்குளிர் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போர்வையை இழுத்து மூடினான். நகங்கள் ஊதா நிறத்தில் இருந்தன. இந்த வெளிச்சத்தில் எல்லாம் அப்படித்தான் தெரியும் என்றும் சொல்லிக்கொண்டான்.

உண்மையான எண் தெரிய வேண்டும். போனை எடுத்துப் பூட்டை நீக்கினான்.

தொண்ணூற்றேழு. அறுபத்து மூன்று. இருபது. பிறகு எண்ணே இல்லை, இரண்டு கோடுகள்.

அலாரம் வீடு அதிர அடித்தது. ஏறிய மார்பு இறங்கியது. மறுபடி ஏறவில்லை. தாடை தளர்ந்து வாய் பாதி திறந்தது. அவள் முகத்தில் வந்து படிந்த நிறத்தை அவன் ஒரு தரம், அப்பாவின் முகத்தில், பார்த்திருக்கிறான். இது இப்போது நடந்ததல்ல. நடந்து வெகு நேரமாகிவிட்டது.

யோசிக்கவில்லை. விரல் போய்ப் பூட்டை அழுத்தியது.

தொண்ணூற்றேழு. மார்பு ஏறியது.

அலாரம் நின்றது. மழை மட்டும். குமிழிகள் மட்டும்.

அவன் கிளிப்பை அவள் விரலிலிருந்து கழற்றிப் பார்த்தான். கிளிப்பின் சிவப்பு வெளிச்சம் வெறும் காற்றில் எரிந்தது. திரையில் தொண்ணூற்றேழு. மார்பு ஏறியது, இறங்கியது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான். எடுத்த பெண் நிதானமாகக் கேட்டாள், அவன் சொன்னான். ஆக்ஸிஜன் எவ்வளவு காட்டுகிறது என்றாள். பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை.

"தொண்ணூத்தேழு."

"அது நல்லாத்தானே சார் இருக்கு. மூச்சு இருக்கா?"

"இருக்கு."

சாலையில் தண்ணீர் நிற்கிறதாம். வண்டி வர ஒரு மணி நேரமாவது ஆகுமாம். பேச்சு வருகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். அவன் குனிந்தான். மழைக்கு மேலே கேட்க, காதை அவள் வாயருகே கொண்டுபோனான்.

"அண்."

கண் திறந்திருந்தது. எப்போது திறந்தது?

"சொல்லும்மா. அண்ணன் இங்கதான் இருக்கேன்."

"அண்."

அவ்வளவுதான். அதற்கு மேல் வரவில்லை. அந்த ஒலி முடிகிற இடத்தில் தாடை தளர்ந்தது. நிறம் வந்து படிந்தது. உடனே உடம்பில் ஒரு சின்னத் தூக்கல். தாடை சேர்ந்தது. மார்பு ஏறியது.

"அண்."

தளர்ந்தது. தூக்கியது.

"அண்."

சுவர்க் கடிகாரத்தின் முள்ளும் அவளும் ஒரே தாளத்தில் போவதை அவன் பார்த்தான். நொடிக்கு ஒன்று. கருவி நொடிக்கு ஒரு தரம் எழுதும். அவன் கை வைத்த வேலை. பூட்டு அவளைப் பிடித்து நிறுத்தவில்லை. அவள் போகிறாள். ஒவ்வொரு நொடியும் முழுசாகப் போகிறாள். ஒவ்வொரு நொடியும் இழுத்துவரப்படுகிறாள். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை நொடி என்று கணக்குப் போடத் தொடங்கிய மனசை அவன் பாதியில் நிறுத்தினான்.

போனில் அந்தப் பெண் ஹலோ, ஹலோ என்றாள். பிறகு அவள் குரலும் இல்லை.

திரையில் ஓர் எச்சரிக்கை வந்து நின்றது. சார்ஜ் மூன்று சதவீதம்.

போன் அணைந்தால் கருவி அணையும். கருவி அணைந்தால் பூட்டு போய்விடும். அவன் ஒன்றுமே செய்ய வேண்டாம். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். அவள் போய்விடுவாள், ஒரே தரமாக. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திரு என்று அவன் தன்னைக் கெஞ்சினான். அவளுடைய குளிர்ந்த கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

இரண்டு சதவீதம்.

"அண்."

இவளைத் தவிர அவனுக்கு யார் இருக்கிறார்கள்? இந்த அறையில் அந்தக் குமிழிச் சத்தம் நின்றால், பிறகு எதைக் கேட்டுக்கொண்டு அவன் படுப்பான்?

ஒன்று.

அவன் கை அவள் கையை விட்டது. தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த சார்ஜர் ஒயரைத் தேடியது.

அவள் உடம்பில் பூட்டுக்கு அகப்படாதது கண் ஒன்றுதான் போலிருக்கிறது. தாடை தளர்ந்தபோதும், தூக்கியபோதும், கருவிழி மட்டும் மெல்ல நகர்ந்தது. அவன் கையைப் பார்த்தது. கையிலிருந்த ஒயரைப் பார்த்தது. அது எதற்கு என்று அவளுக்குத் தெரிந்தது. ஓரத்தில் நீர் திரண்டு காதுப்பக்கம் வழிந்தது.

"மன்னிச்சிடும்மா" என்றான்.

செருகினான்.

இரண்டு. மூன்று. நான்கு.

"அண்."

"அண்."

"அண்."